இரண்டாம் ஏழு மணி

தட்டு இல்லை, குத்தித் திறக்க ஊசி இல்லை,
நகத்தளவு அட்டைகூட இல்லை.
தாலின் விமான நிலையத்தில்
காபி ஆறுவதற்குள் இ-சிம் வாங்கிவிட்டேன்.
ஏழு நாள், மூன்று ஜிபி,
கிரேக்க நாட்டுக்கு மட்டும்.
அந்த 'மட்டும்'மை
கணக்கெழுதிப் பிழைக்கும் நானே
சரியாகப் படிக்கவில்லை.

சிமித் தீவில் எல்லாமே படிக்கட்டு.
பால் வாங்க நாற்பத்தாறு,
படகு பிடிக்க இருநூற்றுச் சொச்சம்.
வீட்டுக்கார அனெஸ்திஸ்
சாவியைக் கையில் வைத்து ஜன்னலைக் காட்டினார்.
"இந்தப் பக்கம் தூக்கம், அந்தப் பக்கம் துருக்கி."
சிரித்துவைத்தேன்.

கடைசி நாள் இரவு, தலைமாட்டில்
கைபேசி ஒருமுறை முனகியது.
துருக்கி உங்களை அன்புடன் வரவேற்கிறது.

நான் கட்டிலை விட்டு நகரவில்லை.
போர்வையும் நகரவில்லை.
பாஸ்போர்ட் இல்லாமல், படகுக்கூலி இல்லாமல்
கைபேசி மட்டும் கடல் தாண்டிப் போய்
அக்கரை மலையின் டவரில் ஏறி உட்கார்ந்திருந்தது.
டேட்டா ஒரு துளி இல்லை.
போன இடத்திலிருந்து
நேரத்தை மட்டும் வாங்கி வந்திருந்தது.

அது எனக்குத் தெரியாது.
ஏழு மணி என்றது, ஓடினேன்.
ஏழேகாலுக்கு ரோட்ஸ் படகு.
ஒவ்வொரு படியிலும் பெட்டிச் சக்கரம்
என்னை ஒரு வசவு வைதது.

துறையில் ஒரே ஒரு பெண்,
கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல்
ஒற்றைக் கையுறையோடு உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
சட்டையில் பெயர்: ஸ்தமாத்தியா.

"படகு போய்விட்டதா?"
"அது இன்னும் ரோட்ஸிலிருந்தே கிளம்பியிருக்காது."

கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள்,
நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் மருத்துவர்போலப் பார்த்தாள்.
"அந்தப் பக்கம் போயிருக்கு," என்றாள்,
வேலி தாண்டிய ஆட்டைச் சொல்வதுபோல.
அக்டோபரின் கடைசி ஞாயிறாம்.
ராத்திரி நாங்கள் கடிகாரத்தை
ஒரு மணி பின்னுக்கு இழுத்தோம்,
அவர்கள் இழுப்பதில்லை.

ஆரஞ்சு ஈரம் பட்ட விரலால்
'தானாகத் தேர்ந்தெடு' என்பதை அணைத்தாள்.
"என் பையனுக்கு ஒருமுறை
நானூறு யூரோ பில் வந்தது.
சோபாவில் சாய்ந்தபடியே
வெளிநாடு போய்வந்த குடும்பம் நாங்கள்."

"நீங்கள் நிஜமாகப் போனதுண்டா?"

"சனிக்கிழமைச் சந்தைக்குப் போவேன்.
முத்திரை குத்த வரிசை நீளம்.
போன் முன்னாடியே போய் எனக்காகக் காத்திருக்கும்."

சிறிது நேரம் தோலைக் கிள்ளிக் கடலில் போட்டாள்.

"போன குளிர்காலம் அங்கிருந்து ஒரு ரப்பர் படகு.
அதோ, அந்தப் பாறைகிட்ட.
பையனுக்குப் பதினைந்து வயசிருக்கும்.
போனைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து
வாயில் கவ்வியிருந்தான்.
பல்லை விலக்கி எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.
உள்ளே வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.
அதில் எந்த நாட்டு மணி ஓடியதென்று
நான் பார்க்கவில்லை."

நான் எதுவும் கேட்கவில்லை.

என் கையில் சின்ன அதிர்வு.
ஏழு பத்து என்றிருந்தது
ஆறு பத்துக்கு இறங்கியது.
இரண்டு கோடு, மூன்று கோடு,
தங்கையின் நான்கு செய்திகள்,
மிச்சம் ஒன்றரை ஜிபி, புதன் வரை செல்லும்.
கூடவே, கேட்காமல் கிடைத்த முழுசாய் ஒரு மணி நேரம்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, செலவிலா?

தங்கைக்குப் பதில் எழுதவில்லை.
அக்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
அங்கே ஒரு மணி முன்னதாகவே விடிகிறதா,
இல்லை, விடியல் ஒன்றுதான்.

ஏழு மணி
இரண்டாம் முறையாக வந்தது.
முனையைச் சுற்றிப் படகின் பச்சை விளக்கு.
"இதைப் பிடி," என்று எழுந்தாள் ஸ்தமாத்தியா.
இருட்டிலிருந்து பறந்து வந்த கயிற்றை
ஒரே எட்டில் பிடித்தாள்.
என் உள்ளங்கையில்
அவள் வைத்துவிட்டுப் போன நான்கு சுளை.